கந்தவேல் தேய்த்த துப்பாக்கி

பயப்படுவதற்கென்று ஒரு வேலை இருந்திருந்தால் எங்கள் பனியன் கம்பெனி ஃபிட்டர் கந்தவேலுக்கு அதில் பென்ஷனே கிடைத்திருக்கும். சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். தபால்காரர் தெருவில் நுழைந்தாலே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வான். எதிரில் போலீஸ்காரர் வந்தால், ஒரு தப்பும் செய்யாத இந்த மனுஷன் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பான். "உன்னை எவன்யா புடிக்கப் போறான்?" என்று கேட்டால், "புடிக்கறவங்க சொல்லிட்டா வருவாங்க?" என்பான். அப்படிப்பட்டவன், 1964-ஆம் வருஷம், லைசென்ஸ் இல்லாமல் ஒரு வேட்டைத் துப்பாக்கியை திருப்பூர் நல்லூரில் தன் வீட்டுக்குள் மூன்று வாரம் வைத்திருந்தான்.

நான் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பெயர் ரத்தினசாமி. அவனுக்குப் பக்கத்து வீடு. எனக்கு முன்கோபம், அவனுக்கு முன்பயம். இரண்டும் சேர்ந்து பல வருஷம் ஒரே ரோட்டில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தன.

வேலையில் மட்டும் அவனுடைய பயம்தான் எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டது. பனியன் துணி நெய்கிற நிட்டிங் மிஷினில் வட்டமாக நூற்றுக்கணக்கான ஊசிகள் நிற்கும். இரும்பில் எங்காவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிராய்ப்பு இருந்தாலும் போதும், நூல் அதில் மாட்டி அறுந்து துணியில் ஓட்டை விழுந்துவிடும். அதனால் கந்தவேல் எதைத் தேய்த்தாலும் கண்ணை நம்பமாட்டான், விரலையும் நம்பமாட்டான். நாற்பதாம் நம்பர் நூலில் ஓர் இழையை இரண்டு கையிலும் பிடித்து இரும்பின்மேல் மெதுவாக இழுப்பான். எந்த இடத்தில் இழை லேசாகத் தடுமாறுகிறதோ அந்த இடத்தில் மறுபடியும் எமரித் தாள். தடுமாற்றம் அடங்கும்வரை விடமாட்டான். அவன் கைபட்ட மிஷினில் ஓட்டை விழுந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

துப்பாக்கி ஆறுச்சாமியுடையது. ஆறுச்சாமி அமராவதிப் பக்கத்துக் காட்டுக்காரன், விவசாயி. மழை பொய்த்த வருஷங்களில் கிணறு வற்றி, மாட்டை விற்றுவிட்டுத் திருப்பூர் வந்து எங்கள் கம்பெனியில் சேர்ந்தான். கந்தவேலும் அப்போது தனி ஆள்; இருவருக்கும் ஒரே அறை, ஒரே பாய், கல்யாணங்காட்சிக்குப் போட ஒரே வெள்ளைச் சட்டை. ஒருவன் பயந்தால் இன்னொருவன் சிரிப்பான், அப்படி ஒரு பொருத்தம். மிஷின் வேலையில் ஆறுச்சாமியைப்போல ஊசி உடைத்தவன் கிடையாது. அணை கட்டி வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், "உன்ற மிசினு தப்பிச்சுது போ" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனான். மாரக்காளைக் கட்டினான், நிலக்கடலை போட்டான்.

போன பிறகு வருஷத்துக்கு மூன்று நான்கு கார்டு வரும். எல்லாவற்றிலும் ஒரே சேதி. அவனுடைய அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், விட்டுப்போன துப்பாக்கி அட்டாலிப் பரணில் துருப்பிடித்துக் கிடக்கிறது, கந்தவேல் வந்து பிரித்துச் சரிசெய்து தர வேண்டும். கந்தவேலும் தவறாமல் பதில் போடுவான். கம்பெனியில் ஆர்டர் நிறைய, மிஷினை விட்டுவிட்டு வர முடியவில்லை, அடுத்த மாதம் கட்டாயம். இப்படியே மூன்று வருஷம் ஓடியது. அறுபத்து நான்கில் ஆறுச்சாமிக்கு மஞ்சக்காமாலை வந்து, பத்தே நாளில் போய்ச் சேர்ந்தான். தந்தி வருவதற்குள் எரித்துவிட்டார்கள்.

கருமாதிக்கு நானும் கூடப் போயிருந்தேன். கந்தவேல் சாப்பாட்டு இலையில் கைவைக்கவில்லை. எல்லோரும் எழுந்துபோன பிறகு மாரக்காள் ஒரு காகிதத்தோடு வந்தாள். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டதால் அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் துப்பாக்கியைத் தாலூகா ஆபீசில் கொண்டுவந்து காட்ட வேண்டும், வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டுமானால் மனுக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

"எம் பேர்லயே மாத்திக்கறனுங்கண்ணா. அவிய அப்புச்சி சொத்து, இன்னொருத்தருக்குப் போகக் கூடாதுங்க. ஆனா இப்பிடித் துருவோட கொண்டுபோனா, இது எதுக்கு உனக்குன்னு புடுங்கி வெச்சுக்குவாங்களாமா," என்றாள்.

துருப்பிடித்த இரும்பை ஒரு பார்வை பார்த்தான் கந்தவேல். "குடுங்க அம்மிணி. நான் சரிபண்ணித் தாரேன். அவன் கேட்டு நான் செய்யாத வேலை இது," என்றான். சொல்லிவிட்டு அழுதான். அந்த இடத்தில் நான் அவனைத் தடுத்திருக்க வேண்டும். அழுகிற மனுஷனிடம் சட்டம் பேச எனக்கும் வாய் வரவில்லை.

துப்பாக்கியைப் பனியன் வேஸ்ட் துணிக்குள் சுற்றி, மூட்டையாகக் கட்டி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தான். உடுமலையில் ஏறிய கண்டக்டர், "மூட்டைய மேல போடுங்க" என்றதும் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான்தான், "பச்சப் புள்ள துணிங்க, மேல போடக் கூடாது" என்று எதையோ உளறிச் சமாளித்தேன். பல்லடம் தாண்டும்வரை அவன் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள் அவன் வீட்டுக் கதவு பகலிலும் சாத்தியே இருந்தது. ஷிப்டுக்குப் போவதற்கு முன் விடிகாலை இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க, உள்ளே உட்கார்ந்து தேய்த்தான். அவன் மனைவி மருதம்மாள் வாசலில் அரிசி புடைக்கிற சாக்கில் காவல். ஒருநாள் தெருக்கோடிப் போலீஸ்காரர் ஒருவர் விலை குறைத்து கழிவில் போன இரண்டு செகண்ட்ஸ் பனியன் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். மருதம்மாள் முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். உள்ளேயிருந்து வெளியே வந்த கந்தவேல், பெட்டியில் இருந்த ஆறு புதுப் பனியனையும் அவர் கையில் கொடுத்து, "வெச்சுக்குங்க சாமி, வெச்சுக்குங்க" என்று கும்பிட்டான். இவ்வளவு மரியாதையை எதிர்பார்க்காத அந்த மனிதர் குழம்பிப்போய்த் திரும்பினார். எனக்குச் சிரிப்பு வந்தது. கந்தவேலுக்கு அன்றைக்குக் காய்ச்சல் வந்தது.

ஆனால் வேலை என்றால் அது வேலை. மரக்கட்டையைக் கழற்றித் துடைத்து, ஆளிவிதை எண்ணெய் போட்டு ஊறவைத்தான். இரும்பில் ஒரு புள்ளி துருவில்லை. வழக்கம்போல நூல் இழையை இழுத்து இழுத்துப் பார்த்தான். குழல் முழுக்க வழுவழுவென்று ஓடிய இழை, பின்பக்கம் ஓர் இடத்தில் மட்டும் தடுமாறிக்கொண்டே இருந்தது. "துரு ரொம்ப ஆழமா அரிச்சிருக்குது ரத்தினம், ரெண்டு நாளா மல்லுக்கட்டறேன்," என்றான். மூன்றாம் நாள் அதுவும் அடங்கியது. மிஷினில் மாட்டினால்கூட நூல் அறாது என்று சொல்லி என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். முகம் பார்க்கலாம்போல இருந்தது. ஆறுச்சாமி செத்த பிறகு அன்றைக்குத்தான் அவன் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

பதினெட்டாம் நாள் மாரக்காளும் அவள் அண்ணன் திருமூர்த்தியும் காலை பஸ்ஸில் வந்தார்கள். வேஸ்ட் துணியைப் பிரித்ததும் மாரக்காள் துப்பாக்கியைத் தடவிப் பார்த்து, "அவிய பாத்திருந்தா," என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். திருமூர்த்தி எல்லாவற்றிலும் கணக்கான ஆள். லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, "எட்டு ஒன்னு நாலு ரெண்டு ஏழுன்னு போட்டிருக்குது. எங்கீங்க இருக்குது நெம்பரு?" என்றார்.

"என்ன நெம்பருங்க?"

"குழலு பின்னால வெட்டியிருக்குமுங்களே."

கந்தவேலின் விரல் குழலின் பின்பக்கம், இழை தடுமாறிய அந்த இடத்துக்குப் போனது. எங்கள் மிஷின்களில் நம்பர் என்பது பித்தளைத் தகட்டில் எழுதி, ஆணி அடித்து, தனியாக மாட்டியிருக்கும். இரும்பிலேயே வெட்டியிருப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. துருவுக்கு அடியில் மறைந்திருந்த நம்பரைத்தான் துரு அரித்த பள்ளம் என்று நினைத்து, இழை தடுமாறாதபடி இரண்டு நாள் மல்லுக்கட்டித் தேய்த்திருக்கிறான்.

நம்பர் இல்லாத துப்பாக்கி என்றால் திருட்டுத் துப்பாக்கி என்றுதான் எழுதுவார்கள் என்றார் திருமூர்த்தி. வைத்திருப்பவள் மாரக்காள், கேஸ் அவள்மேல் வரும். காட்டாமல் விட்டாலும் கேஸ். திங்கட்கிழமை கெடு, அன்றைக்கு வெள்ளி. அண்ணனும் தங்கையும் அதுவரை கந்தவேல் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள்.

நான் சும்மா இருப்பவனா? "லேத்துப் பட்டறையில நெம்பர் பஞ்ச் இருக்குது. சுத்தியல்ல அஞ்சு அடி, அஞ்சு நெம்பரு. முடிஞ்சுது சோலி," என்றேன். சனிக்கிழமை மதியம் அவனை இழுத்துக்கொண்டே போனேன். பட்டறைக்காரர் காபி குடிக்கப் போயிருந்த நேரத்தில், எட்டு என்று போட்ட பஞ்சைக் கையில் எடுத்து ஒரு தகரத் துண்டில் அடித்துப் பார்த்தான் கந்தவேல். எழுத்து பளபளவென்று புதுசாக விழுந்தது. "பழைய துப்பாக்கியில புது எழுத்து. பாத்த நிமிசமே புடிச்சுருவாங்க ரத்தினம். அப்ப அந்தம்மாளுக்குத் திருட்டோட போர்ஜரியும் சேரும்," என்று பஞ்சை வைத்துவிட்டான். பயத்தில் செய்ததுதான். ஆனால் சரியாகத்தான் செய்தான்.

திங்கட்கிழமை நாங்கள் நான்கு பேரும் உடுமலை தாலூகா ஆபீசில் நின்றோம். கந்தவேல் வழியிலேயே இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தான். துப்பாக்கியை வாங்கிப் பார்த்த குமாஸ்தா வயசானவர், நல்ல மனிதர். முதலில், "அடேங்கப்பா, என்ன பளபளப்பு!" என்றார். அப்புறம் நம்பரைத் தேடினார். திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி எங்கள் நான்கு பேர் முகத்தையும் பார்த்தார்.

"நம்பரை யாரம்மா அழிச்சது?"

அவருக்கு மாரக்காளின் வெள்ளைச் சேலை கண்ணில் பட்டிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"இத பாருங்கம்மா. இது சின்ன விஷயமில்லே. ஆனா உயிரோட இருந்தப்ப உங்க வீட்டுக்காரரே தேச்சு அழிச்சுட்டாருன்னு நீங்க எழுதிக் குடுத்தா, நானும் அப்படியே மேலே எழுதிடுவேன். செத்தவர்மேலே கேஸ் கிடையாது. துப்பாக்கி மட்டும் கவர்மெண்டுக்குப் போகும். உங்க யாருக்கும் தொந்தரவு இல்லே."

எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது. திருமூர்த்தி ஏற்கெனவே தலையாட்டிவிட்டார். மாரக்காள் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள், ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கந்தவேல் எங்கே வாயைத் திறந்துவிடுவானோ என்று அவன் காலை மிதித்தேன். திறக்கமாட்டான் என்றும் நம்பினேன். கண்டக்டர் கேட்டதற்கே நாக்கு ஒட்டிக்கொண்டவன்.

அவன் வேட்டி நுனியெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. "இல்லீங்க," என்றான்.

"என்ன இல்லே?"

"அவன் அழிக்கலீங்க சாமி. அவன் கையில எமரித் தாளக் குடுத்தா மூக்கத்தான் தொடைப்பான். அவனுக்கு அந்த வேலையே வராதுங்க. நாந்தானுங்க தேச்சேன். எங்கூட்ல வெச்சு, பதினெட்டு நாளா தேச்சேன்."

"யோவ், நீ யாரு? உன்கிட்ட லைசென்ஸ் இருக்கா?"

"இல்லீங்க."

"ரிப்பேர் பண்றதுக்கு?"

"அதுவும் இல்லீங்க. மூணு வருசமா கேட்டானுங்க. நாளைக்கு நாளைக்குன்னு ஏமாத்திட்டேன். செத்தவனுக்கு வாய் இல்லீங்க சாமி. அவன் பேர்ல எழுதாதீங்க. என் பேர்ல எழுதுங்க."

இவ்வளவையும் அழுதுகொண்டேதான் சொன்னான். தைரியம் என்று எதையோ பெரிதாகச் சொல்கிறார்களே, அதன் ஒரு சாயலும் அவனிடம் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அவனை அறைந்திருப்பேன். குமாஸ்தா பேனாவை மூடி, மறுபடியும் திறந்தார். பிறகு அவன் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாவற்றையும் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்கினார். துப்பாக்கியைச் சாக்குத் துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்தார்கள்.

அதன்பின் ஏழு மாதம். கந்தவேல் பாதி ஆளாகிவிட்டான். சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நிற்பான். மருதம்மாள் சிவன்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு கிருத்திகைதோறும் நடந்தே போனாள். ஜெயிலுக்குப் போனால் பீடி பிடிக்காதவனை அங்கே என்ன செய்வார்கள் என்று என்னிடம் கேட்டான். எனக்கு என்ன தெரியும்? "கம்பளி நெய்யச் சொல்லுவாங்க, உனக்குத் தெரிஞ்ச வேலைதான்," என்றேன். அவன் அதை நம்பிக் கொஞ்சம் தெளிந்தான். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கோயமுத்தூரில் போலீஸ் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தபோது, பின்கட்டையின் உட்புறம், பழைய எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில், மரத்திலேயே அதே ஐந்து எண்ணும் குத்தியிருந்தது. நூல் படாத இடம் என்று கந்தவேல் அங்கே எமரி வைக்கவில்லை. ஆகத் திருட்டுத் துப்பாக்கி இல்லை என்று ஆயிற்று. ஆனால் நம்பரை அழித்தது அழித்ததுதான். சம்மன் வந்தது.

மாஜிஸ்திரேட் எல்லாவற்றையும் படித்தார். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்றார். "ஆமாங்க" என்றான். துப்பாக்கியை மனுதாரர் மாரக்காள் பேருக்கே கொடுக்கலாம், எதிரிக்கு, அதாவது கந்தவேலுக்கு, அபராதமும் கோர்ட் கலையும்வரை காவலும் என்று தீர்ப்பு. அதாவது சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் ஜெயில். கந்தவேலுக்கு அது புரியவே கால் மணி நேரம் ஆனது.

மதியம் இடைவேளையில் ஒரு கான்ஸ்டபிள் அவனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார். மாரக்காள் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்திருந்தாள். இலையை விரித்து அரிசிம்பருப்புச் சோற்றை வைத்தாள்.

"எம்மேல கோவமில்லீங்களா அம்மிணி?" என்றான்.

"எதுக்குங்க கோவம்? அன்னிக்கு நீங்க வாயத் தெறக்காம இருந்திருந்தா நானும் பேசாம கையெழுத்துப் போட்டிருப்பனுங்க. ரெண்டு புள்ளைய வெச்சிருக்கறேன். அப்பறம் ஊருக்குள்ள அவிய பேரு என்னாயிருக்கும்ன்னு நெனச்சா தூக்கம் வர்றதில்லீங்க." கொஞ்சம் ரசம் ஊற்றினாள். "ஒன்னு சொல்லட்டுங்களா? அந்தத் துப்பாக்கிய அவிய ஒருக்காக்கூடச் சுட்டதில்லீங்க. ஊட்டுல குண்டே கெடையாது. காட்டுப்பன்னி வந்தா தகரத்தத்தான் தட்டுவாங்க."

"அப்பறம் எதுக்கு அம்மிணி, சரிபண்ணு சரிபண்ணுன்னு அத்தன கார்டு போட்டான்?"

"'சும்மா வாடான்னா வரமாட்டான், மிசினு நின்னுரும்பான். ஏதாச்சும் இரும்பு கெட்டுப்போச்சுன்னாத்தான் அவனுக்குக் காலு நகரும்'ன்னு சொல்லுவாங்க. கார்டு போட்டுட்டு, சனிக்கெழமையானா கடைசி பஸ்சு வர்ற நேரத்துக்கு முக்குல போயி நிப்பாங்க. பஸ்சு போனதுக்கு அப்பறமும் கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் வருவாங்க."

கந்தவேல் பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். ஏழு மாதம் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் நடுங்கியவன் முகத்தில் அப்போது பயம் சுத்தமாக இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. எனக்கு அவனைப் பார்க்க முடியவில்லை. கான்ஸ்டபிள்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்தேகாலுக்குக் கோர்ட் கலைந்தது. "போலாங்க" என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் திருப்பூர் வண்டி புறப்படத் தயாராக நின்றது. நான் ஓடிப்போய் ஏறி, துண்டைப் போட்டு இரண்டு சீட் பிடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கந்தவேல் மாரக்காளுக்குப் பின்னால் அமராவதி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தான்.

"யோவ், நாளைக்குக் காலையில ஷிப்ட் இருக்குதுய்யா!" என்று கத்தினேன்.

"மிசினு நிக்கட்டும்," என்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் மருதம்மாள் விளக்கோடு நின்றிருப்பாள், தனியாக வருகிற என்னைப் பார்த்தால் பதறிவிடுவாள், என்ன சொல்வது என்று பல்லடம் வரைக்கும் யோசித்தேன். கடைசியில், ஆறுச்சாமி கூப்பிட்டிருந்தான், ரெண்டு நாள் இருந்துவிட்டு வருவான் என்று சொன்னேன்.